கெளுத்திக் கேள்விகள் எட்டு

எல்லோரும் 'கெளுத்தி' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால் ஒருவர் கேட்பது விரல் நீள நாட்டுக் கெளுத்தியைப் பற்றி, இன்னொருவர் கேட்பது தேளியைப் பற்றி, மூன்றாமவர் சந்தையில் வாங்கியது ஆப்பிரிக்கக் கெளுத்தி. மீனுக்கு மீன் பதில் மாறும். எது எதற்குப் பொருந்தும் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கண்மாயில் தூண்டில் போட்டால் ஜிலேபிதான் மாட்டுகிறது. கெளுத்தி கடிப்பதே இல்லை. இரையை மாற்ற வேண்டுமா? (வாசகர், மானாமதுரை)

இரையை அப்புறம் பார்க்கலாம், முதலில் நேரத்தை மாற்றுங்கள். ஜிலேபி பகலில் மேயும். கெளுத்திக்கு வெளிச்சம் ஆகாது. பொழுது சாய்ந்த பிறகுதான் பொந்தை விட்டு வரும், அதுவும் தரையை ஒட்டித்தான் மேயும். கண்ணைவிட மீசையை நம்புகிற மீன் அது. நாலு ஜோடி மீசையிலும் ருசி அறியும் அரும்புகள் இருப்பதால் கும்மிருட்டிலும் கலங்கல் தண்ணீரிலும் இரையைக் கண்டுபிடித்துவிடும்.

தக்கையை மேலே ஏற்றிக் கட்டி, ஈயம் தரையில் உட்காரும்படி விடுங்கள். மடை வாய், கலுங்கின் (உபரித் தண்ணீர் வழியும் இடம்) கல் இடுக்கு, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரத்தூர் ஆகியவை நல்ல இடங்கள். நாட்டுக் கெளுத்திக்குச் சின்னத் தூண்டில் முள்ளும் நாக்குப்பூச்சியும் (மண்புழு) போதும். பூச்சியை முழுசாகக் கோத்து, வால் மட்டும் நெளியும்படி விட வேண்டும். கொஞ்சம் பெரிய மீன் வேண்டுமென்றால் கோழிக்குடல். பெரிய கெளுத்தி இனமான வாளைக்கு உயிருள்ள சிறு மீன்தான் இரை. அதன் பல் தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டுங்கள்.

கெளுத்தி கடித்தால் தக்கை முதலில் இரண்டு மூன்று முறை தட்டும், பிறகு அமுங்காமல் பக்கவாட்டில் நகரும். நகரும்போதே சுண்டிவிட வேண்டும். காத்திருந்தால் முள்ளை வயிறு வரை விழுங்கிவிடும், அப்புறம் எடுப்பது பெரும்பாடு.

மழை பெய்து புதுத்தண்ணீர் வரும் நாட்களில் பகலிலேயே கடிக்கும். ஆனால் அப்போது எதிர்நீச்சல் போட்டு ஏறி வருவது சினை மீன். தூண்டிலில் நாலு பிடிப்பது வேறு, வாய்க்காலை அடைத்துப் பறி வைத்து மொத்தத்தையும் அள்ளுவது வேறு. இரண்டாவதைச் செய்த ஊரில் அடுத்த வருஷம் ஜிலேபி மட்டும்தான் மிஞ்சும். இன்னொன்று: பெரும்பாலான கண்மாய்கள் மீன் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள்.

தூண்டில் முள்ளிலிருந்து கழற்றும்போது கெளுத்தி கையில் குத்திவிட்டது, முழங்கை வரை கடுத்தது. விஷமா? (வாசகர், குளித்தலை)

விஷம்தான். நாட்டுக் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள்; தேளிக்குப் பக்க முட்கள் இரண்டு மட்டும். மீன் பயந்தால் அவற்றை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். முள்ளைச் சுற்றியுள்ள தோலில்தான் விஷச் சுரப்பி இருக்கிறது. நாட்டுக் கெளுத்தி குத்தினால் கொஞ்ச நேரக் கடுப்போடு போகும். தேளி குத்தினால் பெரிய ஆளும் உட்கார்ந்து அழுவார். பெயரே அதற்குத்தானே வைத்தார்கள்.

இந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் (சுமார் 45 டிகிரி) குத்துப்பட்ட இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வையுங்கள். ஆறினால் மாற்றுங்கள். சூட்டை மற்றக் கையால் சோதித்துப் பாருங்கள்; கடுப்பில் மரத்த கைக்குத் தோல் வெந்தால்கூடத் தெரியாது. கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ, மறுநாளும் வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனிமேல் பிடிக்கும்போது வயிற்றுப் பக்கமாகக் கையைக் கொண்டுபோய், கட்டைவிரல் ஒரு பக்க முள்ளுக்குப் பின்னாலும் ஆள்காட்டி விரல் மறுபக்க முள்ளுக்குப் பின்னாலும் இருக்கும்படி இறுக்குங்கள். முதுகு முள் மேலே வெளியே நிற்கும். தேளியை மட்டும் கையால் தொடாதீர்கள். தலையை ஈரச் சாக்கில் அமுக்கி, குறட்டால் முட்களை ஒடித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

கரையில் போட்டதும் 'கீர் கீர்' என்று கத்துகிறதே, மீனுக்குக் குரல் உண்டா? (பள்ளி மாணவி, திருவையாறு)

தொண்டையிலிருந்து வரவில்லை, கண்ணு. பக்க முள்ளின் அடிப்பகுதியைக் குழியில் வைத்துத் தேய்க்கிறது. அந்த உரசல் சத்தம்தான் அது. தோளில் விரலை வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியும். ஆனால் வைக்காதே, மேலே உள்ள பதிலைப் படி.

எவ்வளவு கழுவினாலும் வழுவழுப்பு போகவில்லை, குழம்பில் சேற்று வாடை வேறு. வீட்டில் இனி வாங்கவே கூடாது என்கிறார்கள். (வாசகி, திண்டுக்கல்)

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. வழுவழுப்பு தோலின் மேலே இருப்பது. தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மீனில் கைநிறையக் கல் உப்பைப் போட்டு மண்சட்டியின் சொரசொரப்பில் தேயுங்கள். வெள்ளை நுரையாகத் திரண்டு வரும். கழுவிவிட்டு மறுபடி உப்பும் கொஞ்சம் புளியும் போட்டு இன்னொரு தேய்ப்பு. அடுப்புச் சாம்பல் கிடைத்தால் இன்னும் சுலபம். செதில் இல்லாத மீன் என்பதால் வேறு வேலை கிடையாது.

சேற்று வாடை சதைக்குள்ளேயே இருப்பது. குளத்துப் பாசியும் மண் நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள், செவுள் வழியாகப் போய்க் கொழுப்பில் தங்குகிறது. கோடையில் வற்றின குளத்து மீனில் அதிகம் வீசும். மீன் உயிரோடு இருந்தால் நல்ல போர்த் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் இரை போடாமல் விட்டு வையுங்கள். தேளி போன்றவை மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிப்பதால் சாகாது, ஆனால் தாவும். மூடி போட்டுக் கல்லை வையுங்கள். செத்த மீன் என்றால் செவுளை முழுசாகப் பிய்த்து, முதுகெலும்பை ஒட்டிக் கறுப்பாக ஓடும் ரத்தக் கோட்டைக் கத்தி முனையால் சுரண்டி எடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பிறகு புளித்த மோரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கால் மணி ஊற விடுங்கள். புளிப்பில் ஜியோஸ்மின் சிதைந்து வாடை அடங்கும்.

குழம்பில் மீன் உடைந்து கரைகிறது. பொரித்துப் போடலாமா? (வாசகி, சேலம்)

வேண்டாம், பொரித்தால் தோல் ரப்பர் ஆகும். குழம்பு புளியும் மாங்காயும் சேர்ந்து கொதித்து, நல்லெண்ணெய் மேலே மிதந்த பிறகு கடைசியில் மீனைப் போடுங்கள். சின்னக் கெளுத்திக்கு ஐந்தாறு நிமிஷம் தாராளம். கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் போதும். சினை இருந்தால் தனியாக எடுத்து வைத்து, மீனுக்கு முன்னால் போடுங்கள். அது வேகச் சற்று நேரமாகும். என்னைக் கேட்டால் பெரிய வாளைத் துண்டைவிட விரல் நீளக் கெளுத்திக்குத்தான் ருசி. நடுமுள் ஒன்றை உருவினால் போதும் என்பதால் பிள்ளைகளுக்கும் நம்பிக் கொடுக்கலாம்.

சந்தையில் மூன்று கிலோ கெளுத்தி உயிரோடு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், ஓசூர்)

வாங்காதீர்கள். நம் நாட்டு வகை பெரும்பாலும் ஒரு அடிக்குள் நின்றுவிடும். மூன்று கிலோ, தட்டைத் தலை, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம் என்றால் அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. 1990-களில் வங்கதேசம் வழியாகத் திருட்டுத்தனமாக வந்தது. மத்திய அரசு 2000-இல் வளர்க்கத் தடை போட்டது. தமிழ்நாட்டிலும் அதிகாரிகள் பண்ணைக் குளங்களை அவ்வப்போது அழிக்கிறார்கள். சதையில் விஷம் இருப்பதால் அல்ல. கிடைத்ததையெல்லாம் தின்னும், வெள்ளத்தில் தப்பி ஆற்றில் இறங்கினால் நாட்டு மீன் குஞ்சு ஒன்றையும் விடாது. இறைச்சிக் கடைக் கழிவைக் கொட்டி வளர்க்கும் பண்ணைகளும் இருக்கின்றன. நீங்கள் வாங்குவது எந்தக் குளத்து மீன் என்று விற்பவர் சொல்லப்போவதில்லை.

ஹோட்டலில் 'பாசா' என்று வெள்ளையாக முள்ளில்லாமல் தருகிறார்களே, அது என்ன மீன்? (வாசகர், சென்னை)

அதுவும் கெளுத்தி இனம்தான். பூர்வீகம் மெகாங் ஆறு. வியட்நாமிலிருந்து உறைய வைத்து வருகிறது, இப்போது ஆந்திரத்திலும் நிறைய வளர்க்கிறார்கள். வாடையும் இல்லை, ருசியும் இல்லை. மீன் குழம்புக்கு ஆகாது, மாவில் தோய்த்துப் பொரிக்கலாம்.

வலையில் கறுப்பாக, கவசம் போட்ட மாதிரி கரடுமுரடான மீன் வந்தது. தின்னலாமா, விட்டுவிடலாமா? (வாசகர், செங்கல்பட்டு)

இரண்டும் வேண்டாம். அது தொட்டிப் பாசியைத் தின்னும் என்று கண்ணாடித் தொட்டிக்கு வாங்கிவரும் சக்கர் மீன், தென் அமெரிக்கக் கெளுத்தி. பெரிதானதும் யாரோ ஏரியில் விட்டிருப்பார்கள். கரையில் பொந்து தோண்டி முட்டையிடும், வலையைக் கிழிக்கும். சதை கொஞ்சம்தான். நகரத்துச் சாக்கடை கலக்கும் ஏரியில் பிடித்ததென்றால் அதையும் தொட வேண்டாம். மறுபடி தண்ணீரில் விடாமல் கரையிலேயே புதைத்துவிடுங்கள், தென்னங்கன்று நட்ட குழியாக இருந்தால் இன்னும் நல்லது.