டிஆர்என்ஏவின் கடைசி மூன்று எழுத்துகள்: வாசகர் கேள்விகள்

புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் சிறிய ஆர்என்ஏதான் டிஆர்என்ஏ. அது என்றாலே எல்லோருக்கும் மூன்று இலைகள் விரிந்த அந்தப் பாடப்புத்தகப் படமும், மரபணுச் செய்தியைக் கொண்டுவரும் தூது ஆர்என்ஏவின் குறியைப் படிக்கும் எதிர்க்குறியனும்தான் நினைவுக்கு வரும். இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய அதன் முனைகளைப் பற்றியவை. எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. பாடத்தில் ஒரு வரியில் தாண்டிப்போகிற இடம் அது.

எல்லா டிஆர்என்ஏவும் சி-சி-ஏ என்றே முடிகிறதே, அந்த மூன்றும் இல்லாவிட்டால் என்ன?

புரதம் உருவாகாது. (ஏ, சி, ஜி, யூ என்பவை ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகள்.) அமினோ அமிலம் வந்து ஒட்டுவது கடைசி ஏ-யில்தான். அதற்கு முன்னால் இருக்கும் சி-க்கள், புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோமின் ஆர்என்ஏவில் உள்ள ஜி-க்களோடு ஜோடி சேர்ந்து முனையைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கின்றன. பியூரோமைசின் என்ற மருந்து இந்த முனையைப் போலவே வேடம் போட்டு ரைபோசோமுக்குள் நுழைந்து, பாதி வளர்ந்த புரதத்தைக் கழற்றிவிடும்.

மரபணுவில் இல்லாத எழுத்துகளை ஒரு நொதி எப்படி எழுதும்? எதைப் பார்த்து எழுதும்?

எதையும் பார்த்து எழுதுவதில்லை! பல உயிர்களின் டிஆர்என்ஏ மரபணுக்களில் சிசிஏ கிடையாது, ஒரு நொதிதான் அதைப் பிறகு சேர்க்கிறது. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதிக்கு முன்னால் ஒரு மூல இழை இருக்கும். சிசிஏ சேர்க்கும் நொதிக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆனாலும் சி, சி, ஏ என்று வரிசை தவறாமல் மூன்றைச் சேர்த்துவிட்டு நின்றுவிடும்.

2002இல் தாமஸ் ஸ்டைட்ஸின் குழுவினர், வெப்பம் விரும்பும் ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவின் சிசிஏ நொதியைப் படிக வடிவில் ஆராய்ந்தார்கள். (பின்னால் 2009இல், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனோடும் அடா யோனத்தோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே ஸ்டைட்ஸ்தான்.) நொதியின் குழிக்குள் இருக்கும் ஓர் ஆஸ்பார்டிக் அமிலமும் ஓர் ஆர்ஜினினும் (இரண்டும் அமினோ அமிலங்கள்), உள்ளே வருகிற எழுத்தை ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடிப்பது அதில் தெரிந்தது. அதாவது, எதிர் இழை செய்ய வேண்டிய வேலையைப் புரதமே செய்கிறது. சி-யும் ஏ-யும் அந்தக் குழியில் பொருந்தும். ஜி-யும் யூ-வும் பொருந்தாது. முதலில் சி-க்குப் பொருந்தும் குழி, இரண்டு சி சேர்ந்ததும் ஏ-வுக்குப் பொருந்துமாறு மாறிக்கொள்கிறது. உயிர்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த நொதி எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் டிஆர்என்ஏ மரபணுக்கள் எல்லாவற்றிலும் சிசிஏ ஏற்கெனவே எழுதியிருக்கிறதாமே. அப்படியானால் அதற்கு அந்த நொதி எதற்கு?

பழுது பார்க்க. ஆர்என்ஏஸ் டி என்ற இன்னொரு நொதி, செல்லில் இருக்கும் டிஆர்என்ஏக்களின் நுனியைக் கொறித்துக்கொண்டே இருக்கிறது. போன எழுத்துகளை சிசிஏ நொதி திரும்ப வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஈ. கோலை சாகாது, மெதுவாக வளரும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவின் கதை வேறு. அதன் மரபணுக்களில் ஒரு பகுதியில் சிசிஏ எழுதப்படவே இல்லை, அதனால் நொதி இல்லாமல் அது பிழைக்காது.

இந்த நொதி எப்படித் தோன்றியது? எல்லா உயிர்களிலும் ஒன்றுதானா?

இல்லை. பாக்டீரியா போலத் தோன்றினாலும் தனிக் கிளையான ஆர்க்கியா நுண்ணுயிர்களில் ஒரு வகை. பாக்டீரியாவிலும் நம் செல்களிலும் வேறு வகை. செய்கிற வேலை ஒன்றுதான், ஆனால் வினை மையத்தைத் தவிர இரண்டின் வரிசையிலும் ஒற்றுமை மிகக் குறைவு.

சுவாரசியம் பாக்டீரியாவுக்குள்தான் இருக்கிறது. கொதிநிலைக்குச் சற்றுக் குறைவான வெந்நீரில் வாழும் அக்விஃபெக்ஸ் ஏயோலிகஸில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது: ஒரு நொதி சி-சி மட்டும் சேர்க்கும், இன்னொன்று ஏ மட்டும். இது 2001இல் தெரியவந்தது. இரண்டும் முதலில் தனித்தனியாக இருந்து பிறகு ஒன்றானவையா, ஒன்றாக இருந்து பிரிந்தவையா என்ற கேள்வி உடனே எழுந்தது. 2008இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் ஒரு நல்ல விடை தந்தார்கள். சி-சி நொதிகளில், முழு நொதியில் இருக்கும் ஒரு சிறிய வளைவுத் துண்டு இல்லை. அந்தத் துண்டைத் திரும்பப் பொருத்தினால் அது ஏ-வையும் சேர்க்கத் தொடங்குகிறது! அப்படியென்றால், முழு நொதி ஒரு துண்டை இழந்து சி-சி நொதி ஆகியிருக்கிறது. பரிணாமம் என்றாலே புதிதாகச் சேர்ப்பது என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இது.

அப்புறம், ஈ. கோலையில் ஆர்என்ஏ வாலில் ஏ-க்களை மட்டும் நீளமாகச் சேர்க்கும் பாலி-ஏ பாலிமரேஸும் இதே குடும்பம்தான். இரண்டின் பகுதிகளையும் இடம் மாற்றிவைத்தால் வேலையும் மாறுவதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். நம் செல்களில் ஏ-வால் தூது ஆர்என்ஏவைக் காக்கிறது. பாக்டீரியாவிலோ பெரும்பாலும் அழிவுக்குக் கொடுக்கும் அடையாளம்.

மறுமுனையை, அதாவது டிஆர்என்ஏ தொடங்கும் 5' முனையை, யார் சரிசெய்கிறார்கள்?

ஆர்என்ஏஸ் பி என்ற நொதி. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை வெட்டி எறிகிறது. பாக்டீரியாவில் இந்த வெட்டை நடத்துவது அதன் ஆர்என்ஏ பகுதி என்று 1983இல் சிட்னி ஆல்ட்மன் குழு காட்டியது. 1989இல் அவரும் தாமஸ் செக்கும் நோபல் பெற்றார்கள். இங்கேயும் அக்விஃபெக்ஸ் விதிவிலக்கு: அதில் ஆர்என்ஏவே இல்லாத ஒரு சின்னப் புரதம் அந்த வேலையைச் செய்கிறது என்று 2017இல் கண்டுபிடித்தார்கள்.

ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் டிஆர்என்ஏவுக்கு முன்னால் கூடுதலாக ஒரு ஜி வேண்டும். பெரும்பாலான பாக்டீரியாக்களில் ஆர்என்ஏஸ் பி ஓர் எழுத்து முன்னாலேயே வெட்டி அதை விட்டுவைக்கிறது. நம் செல்களில் அதைத் தனியாக ஒட்டவேண்டும். ஒட்டுகிற நொதி, எழுத்துகளைக் கோக்கும் மற்ற நொதிகளான பாலிமரேஸ்களுக்கு நேர் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அதன் உறவு நொதிகள் சில பாக்டீரியாக்களிலும் இருக்கின்றன.

இதற்கும் நோய்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. காசநோய்க் கிருமியில் மென்டி3 என்ற நச்சு நொதி இருக்கிறது. 2020இல் வந்த ஆய்வின்படி, அது சிசிஏ முனைக்குப் பின்னால் சி, யூ போன்ற பிரிமிடின் எழுத்துகளைச் சேர்த்துவிடுகிறது. முனை மூடிக்கொள்வதால் அமினோ அமிலம் ஒட்ட முடியாது, கிருமியின் வளர்ச்சி நின்றுபோகிறது. அதைக் கட்டுப்படுத்தும் எதிர்நச்சையும் அதே கிருமிதான் வைத்திருக்கிறது.