யு.எஸ்.எஃப்.எல். லீக்கின் கடைசி சீசனில் என்ன நடந்தது? நன்றாக ஓடிய லீக் ஏன் நின்றது?

1983இல் தொடங்கிய இந்த அமெரிக்கன் ஃபுட்பால் லீக், அமெரிக்காவின் முதன்மையான ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். ஆடாத வசந்த காலத்தில் ஆடியது. அந்த இடைவெளிதான் அதன் பலம். ஆனால் 1986 முதல் இலையுதிர் காலத்துக்கு மாறி என்.எஃப்.எல்.லோடு நேரடியாக மோதுவது என்று உரிமையாளர்கள் 1984இலேயே வாக்களித்துவிட்டார்கள். அதைத் தீவிரமாக வலியுறுத்தியவர் நியூ ஜெர்சி ஜெனரல்ஸ் உரிமையாளர் டொனால்ட் டிரம்ப்.

அதனால் 1985 சீசன் தொடங்கும்போதே அடித்தளம் ஆடிவிட்டது. சாம்பியனான ஃபிலடெல்ஃபியா ஸ்டார்ஸ், அதே நகரின் என்.எஃப்.எல். அணியான ஈகிள்ஸோடு மோத முடியாமல் பால்டிமோர் பெயருக்கு மாறியது. மிச்சிகன் பாந்தர்ஸ் அணி ஓக்லாண்ட் அணியோடு இணைந்தது. ஆட்டத்தில் மட்டும் குறையே இல்லை. ஜெனரல்ஸ் வீரர் ஹெர்ஷல் வாக்கர் அந்த ஒரே சீசனில் பந்தோடு 2,411 யார்டு ஓடினார், அசாத்தியமான சாதனை!

ஜூலை 14 இறுதி ஆட்டத்தில் ஸ்டார்ஸ் 28–24 என ஓக்லாண்டை வென்றது. அப்புறம் ஆட்டமே இல்லை. என்.எஃப்.எல். மீது தொடுத்த ஏகபோக வழக்கில் 1986இல் ஜெயித்தும், ஜூரி கொடுத்த இழப்பீடு 1 டாலர். சட்டப்படி மும்மடங்காகி 3 டாலர். 1986 சீசன் நடக்கவேயில்லை. வசந்தத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.