இறையியல் கல்லூரியில் முழுநேர ஆசிரியராக விரும்புகிறவருக்கு

கேள்வி: எனக்கு வயது 33. ஆங்கிலத்தில் எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு மெட்ரிக் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலத்தை, அதாவது பேராயர் ஒருவரின் கீழுள்ள சபைப் பகுதியைச் சேர்ந்தவள். ஓய்வுநாள் பள்ளியிலும் பெண்கள் ஐக்கியத்திலும் பல ஆண்டுகளாக வேதபாடம் நடத்துகிறேன். இறையியல் கல்லூரியில் முழுநேரம் கற்பிக்க வேண்டும் என்ற ஆசை விடாமல் துரத்துகிறது. என்ன படிக்க வேண்டும்? ஆயராகத் திருநிலைப்படுத்தும் குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டுமா? கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறார், மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரி, இந்த ஆசையோடு என்னைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் படிப்பைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்களை அனுப்பப்போவது யார்?

கலைக் கல்லூரி வேலைக்கு விளம்பரம் வரும், தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிப்பார்கள், நேர்காணல் நடக்கும். இறையியல் கல்லூரியின் கதை வேறு. அதை நடத்துவதே சபைகள்தாம். நிர்வாகக் குழுவில் திருமண்டலங்களின் பிரதிநிதிகள் இருக்கிறார்கள், மாணவர்களை அனுப்புவதும் அவர்களே. ஓர் ஆசிரியர் இடம் காலியாகும்போது, விண்ணப்பித்தவரின் மதிப்பெண்ணைப் பார்க்கும் அதே பார்வையில், இவருக்குப் பின்னால் நிற்கும் சபை எது என்பதையும் பார்க்கிறார்கள். நல்ல வகுப்பில் முதுகலை இறையியல் முடித்தும், எந்தச் சபையின் கடிதமும் இல்லாத ஒரே காரணத்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் படிப்பாளிகளை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் மிகச் சிறந்த ஆசிரியர்களாக வந்திருக்க வேண்டியவர்கள். அந்த இழப்பை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஆகவே முதலில் உங்கள் சேகரத்தின், அதாவது உள்ளூர்ச் சபைத் தொகுதியின், குருவானவரிடம் பேசுங்கள். அவருடைய பரிந்துரையோடு திருமண்டலத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். ஆயர் பணிக்கு மட்டும் விண்ணப்பிக்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள். இறையியல் கல்வியில் ஆசிரியப் பணி என் நோக்கம் என்று முதல் கடிதத்திலேயே தெளிவாக எழுதுங்கள். பின்னால் மேற்படிப்புக்கு அனுமதி கேட்கும் நாளில் அந்தக் கடிதம் உங்களுக்காகப் பேசும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திருமண்டலத் தேர்தல்களும் அணிகளும் நம் சபைகளில் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். இன்றைய நிர்வாகி வாய்வார்த்தையாகக் கொடுத்த உறுதி, நாளை ஆட்கள் மாறினால் காற்றோடு போய்விடும். உங்களை அனுப்புவதென்ற முடிவு நிர்வாகக் குழுத் தீர்மானமாகப் பதிவாக வேண்டும், அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். திருமண்டலம் கைவிரித்தால் சொந்தச் செலவில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. அப்போதும் சேகரத்தின் நற்சான்றையாவது வாங்காமல் கிளம்பாதீர்கள்.

இனி படிப்பு. உங்களைப் போன்ற சி.எஸ்.ஐ. பிள்ளைகளுக்குப் பொருத்தமான வழி செராம்பூர் செனட் வழி. 1818இல் வில்லியம் கேரி என்னும் மிஷனெரியும் தோழர்களும் வங்காளத்துச் செராம்பூரில் தொடங்கிய கல்லூரியின் பட்டங்களை வழங்கும் அமைப்புதான் இந்தச் செனட். அந்தக் கல்லூரி 1827இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது, 1918இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் அந்த உரிமை உறுதியானது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி எல்லாம் இந்தச் செனட்டோடு இணைந்தவை. இலங்கையில் பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய கல்லூரியும் அப்படியே, அங்கே தமிழிலும் சிங்களத்திலும் பாடம் நடக்கிறது. அரசரடிக் கல்லூரியில் உங்கள் மண்ணுக்கும் பங்கு உண்டு. நாசரேத் அருகே திருமறையூரில் இருந்த இறையியல் கல்லூரி 1969இல் லுத்தரன் தரப்புக் கல்லூரியோடு இணைந்து உருவானதுதான் அது.

பட்டதாரிக்கு பி.டி. என்னும் இளங்கலை இறையியல் 4 ஆண்டு. அதன்பின் எம்.டி.எச். என்னும் முதுகலை இறையியல் 2 ஆண்டு. பி.டி. வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க எம்.டி.எச். இல்லாமல் முடியாது. முதுகலை மாணவர்களுக்குக் கற்பிக்கவும் ஆய்வுக்கு வழிகாட்டவும் முனைவர் பட்டம் வேண்டும், அதற்கு இன்னும் சில ஆண்டுகள். பி.டி. முடித்ததும் சபையில் சில காலம் பணியாற்றச் சொல்வார்கள். அதைத் தடையாக நினைக்காதீர்கள். இழவு வீட்டில் ஜெபித்திராத ஒருவர், கமிட்டிக் கூட்டத்தில் ஏச்சு வாங்கியிராத ஒருவர், வருங்கால ஆயர்களுக்கு வகுப்பெடுப்பது மாணவர்களுக்கு நல்லதல்ல. கணக்குப் பார்த்தால் நாற்பதைத் தாண்டித்தான் நீங்கள் விரிவுரையாளராக வகுப்பறைக்குள் நுழைவீர்கள். இந்தத் துறைக்கு அது பிந்திய வயதல்ல, ஆனால் வீணாக்குவதற்கு ஓர் ஆண்டுகூட உங்களிடம் இல்லை.

இதற்கு இணையாக இன்னொரு வழியும் இருக்கிறது. ஆசிய இறையியல் சங்கம் என்னும் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற சுவிசேஷக் கல்லூரிகள் எம்.டிவ். போன்ற பட்டங்களைத் தருகின்றன. அவற்றிலும் தரமானவை உண்டு. ஆனால் ஒரு வழியில் வாங்கிய பட்டம் மற்ற வழியில் தானாகச் செல்லுபடியாவதில்லை. எந்த வகைக் கல்லூரியில் கற்பிக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்த பிறகே சேருங்கள். சில ஆயிரம் ரூபாய்க்குக் கௌரவ டாக்டர் பட்டம் தருகிறோம் என்று வருகிற அழைப்பிதழ்களைக் கிழித்துப் போடுங்கள்.

எந்தத் துறை? பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறிஸ்தவ இறையியல், திருச்சபை வரலாறு, சமயங்கள், தொடர்பியல், ஆற்றுப்படுத்தல் (மனநல ஆலோசனை) என்று பல உண்டு. வேதாகமத் துறைகளை எடுத்தால் எபிரெயமோ கிரேக்கமோ ஆழமாகக் கற்றாக வேண்டும். மொழிகளில் பழகிய உங்களுக்கு அது பெரிய சுமையாக இராது. உங்களைப் போன்ற ஒருவரைப் பழைய ஏற்பாட்டுப் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தை ஒரு வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். தானியம் அளந்து விற்கும் மரக்காலைச் சிறிதாக்கி, விலையாக வாங்கும் வெள்ளியை நிறுக்கும் எடைக்கல்லைப் பெரிதாக்கி, தராசில் கள்ளம் செய்கிற வியாபாரிகளைத் தீர்க்கதரிசி கண்டிக்கும் இடம். மேல்நாட்டு விளக்கவுரைகளில் அந்த வசனத்துக்கு எபிரெய அளவுகளின் பட்டியலும் கொள்ளளவுக் கணக்கும் பக்கம் பக்கமாக இருக்கும். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, களத்தில் கூலி நெல் அளக்கும்போது மரக்காலின் விளிம்புக்குமேல் கூம்பாக நிற்கும் நெல்லைக் கையால் வழித்துவிட்டு அளப்பார்கள், கடனுக்குத் திருப்பி வாங்கும்போது அதே மரக்காலில் கும்பம் வைத்து அளப்பார்கள் என்று தன் பாட்டி சொன்னதைச் சொன்னார். அளந்தது ஒரே மரக்கால், ஏமாற்றியது அளந்த கை. வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்று அந்த அதிகாரத்தைத் திறந்து காட்டியவர் அந்த மாணவர்தான். அவருடைய பேச்சை எபிரெய மூலத்தோடு பொருத்திக் காட்டி, எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று தமிழிலேயே விளக்க ஓர் ஆசிரியர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த கிராமத்துப் பிள்ளைகள் இன்னும் ஆங்கில நூல்களின் ஜெராக்ஸ் பக்கங்களை அகராதியோடு வைத்துக்கொண்டு திணறுகிறார்கள். தரங்கம்பாடியில் 1716இலேயே உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்கப் பள்ளி தொடங்கிய மண் இது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் தமிழில் பாடநூலுக்குத் தட்டுப்பாடு என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

உங்கள் ஆங்கில எம்.ஏ. இங்கே கைகொடுக்கும். முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஆள் கிடைக்காமல் கல்லூரிகள் தவிக்கின்றன. பகுதிநேரமாக அந்தப் பணி கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். வளாகம் உங்களுக்குப் பழகும், உங்கள் வகுப்பு எப்படிப்பட்டது என்பதை மற்ற ஆசிரியர்கள் பார்ப்பார்கள். ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். இறையியல் பட்டம் இல்லாத ஆங்கில ஆசிரியை கல்விக் குழுக் கூட்டத்தில் எப்போதும் ஓரத்து நாற்காலியில்தான் உட்கார நேரும்.

குருப்பட்டம் கட்டாயமல்ல. குருப்பட்டம் பெறாத பேராசிரியர்கள் ஆண்களிலும் பெண்களிலும் இருக்கிறார்கள். இருந்தாலும், உங்களுக்கு அந்த அழைப்பும் இருக்குமானால் தயங்காதீர்கள் என்பேன். குருப்பட்டம் பெற்றவருக்குத் திருமண்டலத்தில் நிலையான இடம் இருக்கும். கல்லூரிப் பணி முடிந்தாலோ முறிந்தாலோ சேகரத்துக்குத் திரும்பலாம். சி.எஸ்.ஐ.யில் பெண்கள் குருப்பட்டம் பெறத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன, 2013இல் நந்தியால் திருமண்டலத்தில் ஒரு பெண் பேராயராகவே ஆனார். ஆனாலும் ஊருக்குள், பெண்ணுக்குப் பலிபீடத்தில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் ஓயவில்லை. வகுப்பிலும் அந்தக் கேள்வி வேறு வடிவில் வரும். ஆண் ஆசிரியரிடம் எழும்பாத சந்தேகங்கள் உங்களிடம் எழும்பும். பாடத்தில் பிடிப்போடு நின்றால் ஓரிரு பருவங்களில் அது அடங்கும்.

இனி பணம். அரசு உதவி பெறும் கல்லூரிப் பேராசிரியரின் ஊதியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். சம்பளம் மாணவர் கட்டணம், சபைகளின் பங்கு, வெளிநாட்டு உதவி ஆகிய மூன்றிலிருந்தும் வருகிறது. 2020இல் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. அந்த நிதியை நம்பியிருந்த நிறுவனங்களுக்கு இது பலத்த அடி. நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஆசிரியர் சம்பளத்தில் வெளிநாட்டு நிதியின் பங்கு எவ்வளவு, சம்பளம் கடைசியாக எப்போது தாமதமானது, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, பணிக்கொடைக்கு ஒதுக்கீடு இருக்கிறதா? பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பணியாற்றும் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை சட்டப்படி உண்டு. ஊழியத்துக்கு வந்தவர் இதையெல்லாம் கேட்கலாமா என்று யாராவது முகம் சுளித்தால், உங்கள் மகளின் படிப்பை மனதில் வைத்துக்கொண்டு மறுபடியும் கேளுங்கள்.

வளாகத்திலேயே வீடு கொடுப்பார்கள், வாடகை மிச்சம். ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது. இருபது ஆண்டுகள் கல்லூரி வீட்டில் வாழ்ந்துவிட்டு, ஓய்வு பெறும் மாதத்தில் சொந்தக் கூரை இல்லாமல் தெருவுக்கு வரும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கணவரின் வருமானம் தொடர்வதாக இருந்தால் அதிலிருந்து ஊரில் ஒரு சிறு வீட்டுக்கு இப்போதே வழி செய்யுங்கள். அவர் வேலையை விட்டுவிட்டு உங்களோடு வர வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும், ஓர் ஆண்டையும் வீணாக்க முடியாது என்று சொன்ன நானே இந்த ஆசையை நான்கைந்து ஆண்டுகள் தள்ளிப்போடச் சொல்வேன்.

வேலை நேரத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியைப் போல நான்கரை மணிக்கு மணி அடிக்காது. காலை ஆராதனை, வகுப்புகள், மாணவர்களின் வார இறுதிப் பணியைப் பார்வையிடல், ஆய்வேட்டுத் திருத்தம், இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டும் மாணவி. அரசரடியில் மாணவர்கள் சில காலம் வளாகத்துக்கு வெளியே எளிய மக்களின் குடியிருப்புகளில் தங்கிப் படிக்கும் வழக்கம் உண்டு. அவர்களோடு போய் உட்கார ஆசிரியருக்கும் மனம் வேண்டும். அத்தை, மாமா என்று கூப்பிடும் நூறு பிள்ளைகளுக்கு நடுவில் உங்கள் மகள் வளர்வாள், அது அவளுக்குக் கிடைக்கும் பெரிய செல்வம். அம்மாவை எல்லோரோடும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் அவளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பள்ளி வேலையை உடனே விட்டுவிட வேண்டாம். செனட் நடத்தும் வெளிநிலைப் படிப்பான கிறிஸ்தவ ஆய்வுப் பட்டத்தில் வேலையோடு சேர்ந்தே சேரலாம். அது ஆசிரியப் பணிக்குத் தகுதி தராது, ஆனால் கல்விமுறையாக வேதாகமத்தை அணுகுவது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதை ஓர் ஆண்டுக்குள் காட்டிவிடும். நாம் சிறுவயதிலிருந்து நம்பியவற்றைக் கேள்விக்கு உட்படுத்தும் படிப்பு அது. சிலருக்கு விசுவாசம் ஆழப்படுகிறது, சிலருக்கு மூச்சு முட்டுகிறது. அடுத்த விடுமுறையில் அரசரடிக்கோ குருகுலுக்கோ முதல்வருக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்று இரண்டு நாள் போய்த் தங்குங்கள். ஆசிரியைகளோடு பேசுங்கள், நூலகத்தைப் பாருங்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு எபிரெய வகுப்பைக் கேளுங்கள். போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள்.