கோல்கீப்பர் மகளுக்கு எந்த குரூப்? ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா.

மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள், மாவட்ட ஃபுட்பால் அணியில் கோல்கீப்பர், பிளஸ் ஒன்னில் எந்த குரூப் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். "ரெண்டு வருஷம் விளையாட்டை நிறுத்திட்டுப் படிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவள் அப்பா சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம் அம்மா. பதினாறிலிருந்து பதினெட்டு வரை முக்கியமான வயது. அந்த வயதில் பந்தின் கணிப்பு விட்டுப்போனால் மீட்பது கஷ்டம். பள்ளி அளவிலான போட்டிகளும் அந்த இரண்டு வருடத்தோடு முடிந்துவிடும்.

அதற்காகப் படிப்பைக் குறைக்கவும் வேண்டாம். ஃபார்வர்டாக, அதாவது முன்னால் நின்று கோல் அடிக்க ஆடும் பெண் வேகத்தை வைத்தே பதினெட்டு வயதில் பெயர் வாங்கிவிடலாம். கீப்பருக்கு அப்படியில்லை. எப்போது முன்னே வருவது, எப்போது கோட்டிலேயே நிற்பது என்பதெல்லாம் ஆட ஆடத்தான் பிடிபடும். இங்கிலாந்தின் மேரி இயர்ப்ஸ் 2023 மகளிர் உலகக் கோப்பையில் சிறந்த கோல்கீப்பர் விருது வாங்கியபோது அவருக்கு வயது 30. அந்த நாட்டு லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவர் அவர். இந்திய அணிக்குக் கீப்பராக ஆடிய நம் அதிதி சௌஹானும் அதே பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டு மேலாண்மை படிக்கப் போனவர்தான். 2015-ல் இங்கிலாந்துக் கிளப்பான வெஸ்ட் ஹாமின் மகளிர் அணியில் சேர்ந்தார், 2025-ல் 32 வயதில் ஓய்வு பெற்றார். உங்கள் மகளுக்கும் காலம் இருக்கிறது, பட்டம் வாங்கும் அளவுக்கு.

வருமானத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்திய மகளிர் லீக் 2017-ல் தொடங்கியது. நம் மதுரை சேது எஃப்சி 2019-ல் அதை வென்றது. மணிப்பூரின் பந்தோய் சானு கீப்பராகவே ஆஸ்திரேலியக் கிளப்புக்கு ஆடப் போனார். வழி திறந்திருக்கிறது. ஆனாலும் கிளப் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தும் நிலை பெரும்பாலான பெண்களுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே கிளப், வேலை, படிப்பு மூன்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

கீப்பருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. களத்தில் பத்து பேருக்கு இடம் மாற்றிக் கொடுக்கலாம், கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். பெரிய கல்லூரி என்று சேர்த்துவிட்டு மூன்று வருடமும் பெஞ்சில் உட்கார்ந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி தேடும்போது ஹாஸ்டல், ஃபீஸ் எல்லாம் விசாரிப்பீர்கள். கூடவே "இப்போ உங்க டீம்ல மெயின் கீப்பர் எந்த இயர் படிக்கிறாங்க?" என்று கேளுங்கள். கடைசி வருடம் என்றால் உங்கள் மகளுக்கு வாய்ப்பு. முதல் வருடம் என்றால் வேறு கல்லூரி பாருங்கள். கீப்பர்களுக்குத் தனிப் பயிற்சியாளர் வருகிறாரா என்றும் கேளுங்கள். பல இடங்களில் கீப்பரை ஓரமாக நிறுத்தி ஷாட் அடிப்பதோடு சரி. இன்றைக்குக் கீப்பர் காலாலும் ஆடியாக வேண்டும், இரண்டு காலாலும் பாஸ் போடத் தெரிய வேண்டும்.

வேலை என்று வரும்போது சர்டிஃபிகேட்தான் பேசும். மத்திய அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்டிஃபிகேட்டுக்குத் தனித்தனிப் படிவம் உண்டு: படிவம் 1 நாட்டுக்காக ஆடியவர்களுக்கு, 2 மாநிலத்துக்காக, 3 பல்கலைக்கழகத்துக்காக, 4 தேசிய பள்ளிப் போட்டிகளுக்கு. ஊர்த் திருவிழாவில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸில் வாங்கிய கோப்பை இதில் எதிலும் வராது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் சாதனை வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. ஆகப் பணி செய்தவர். சர்டிஃபிகேட்டை அந்தந்த வருடமே வாங்கி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வயதைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளிடமிருந்து மகளை விலக்கிவிடுங்கள். எலும்பு வயதுப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டால் அவள் பெயர்தான் கெடும்.

இனி குரூப். "விளையாடுற பிள்ளைக்கு ஈஸியான குரூப் போடு" என்கிறார்களாம். அவளுக்கு அறிவியல் வருகிறது என்றால் உயிரியல் உள்ள குரூப் எடுக்கட்டும். பிசியோதெரபியும் விளையாட்டு அறிவியலும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன, களத்தோடு ஒட்டிய வேலைகள். வராது என்றால் காமர்ஸ் தாராளமாகப் போதும். எந்தப் பட்டம் முடித்தாலும் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் படித்து உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம். பயிற்சியாளர் ஆக விரும்பினால் டி லைசென்ஸ் என்ற ஆரம்பநிலைப் பயிற்சியாளர் சான்றிதழில் தொடங்கலாம். ஆசிய கால்பந்துக் கூட்டமைப்பு கீப்பர் பயிற்சியாளர்களுக்கென்றே தனி லைசென்ஸ் தருகிறது. அதை முடித்த பெண்கள் நமக்கு நிறையத் தேவை.

அடிபடுமே என்ற உங்கள் பயம் நியாயமானது. முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஃபிஃபா 11 பிளஸ் என்ற இருபது நிமிட வார்ம்-அப் இதைக் குறைக்கும், பி.டி. டீச்சரிடம் செய்ய வைக்கிறாரா என்று கேளுங்கள். கோடையில் இறுகிப்போன செம்மண் தரையில் டைவ் அடிக்க விடாதீர்கள், இடுப்பும் முழங்கையும் தோலுரிந்து போகும். டைவ் பயிற்சி மணலிலோ புல்லிலோ இருக்கட்டும். கிளவுஸ் இரண்டு ஜோடி வேண்டும், பழையது பிராக்டிஸுக்கு, நல்லது மேட்சுக்கு. வயிறார முட்டையும் பயறும் கொடுங்கள். பயிற்சி கூடிய பிறகு மாதவிடாய் தள்ளிப்போனால் "விளையாடுறதால அப்படித்தான்" என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அவள் அப்பா இதுவரை ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை என்றீர்கள். அட்மிஷனுக்கு முன்னால் ஒரு நாள் கூட்டிப் போங்கள். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். மகள் டிஃபென்ஸில் நிற்கும் நாலு பெண்களைக் குரல் கொடுத்தே நிறுத்துவது அங்கிருந்துதான் கேட்கும். அதன் பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து குரூப்பை முடிவு செய்யுங்கள், அவளையும் பேச விடுங்கள்.