மூளைப் படத்தில் சிவப்பாகத் தெரிவது என்ன?

கேள்வி: பாட்டுக் கேட்டால் மூளையில் ஓர் இடம் 'ஒளிர்கிறது' என்று படம் போடுகிறார்களே, அங்கே என்னதான் நடக்கிறது?

ஒளியும் இல்லை, சூடும் இல்லை. இந்தப் படத்தை எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்ப்பது ரத்தத்தை. நியூரான்கள் என்னும் நரம்புச் செல்கள் மும்முரமாக வேலை செய்யும் இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாக வரும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், ஆக்சிஜன் உள்ளதும் இல்லாததும் காந்தப்புலத்தில் வேறுவேறாக நடந்துகொள்ளும். இதை வைத்துப் படமெடுக்கலாம் என்று 1990இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டினார். ஆனால் நியூரான்கள் மில்லிவினாடிகளில் பேசி முடித்துவிடும். ரத்தம் உச்சத்துக்கு வர ஐந்தாறு வினாடி ஆகும். பந்தி முடிந்தபிறகு இலைகளை எண்ணி, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்வதைப் போலத்தான். சிவப்பும் மஞ்சளும் புள்ளியியல் கணக்குக்குப் பின் கணினியில் பூசுபவை.

கேள்வி: கணக்கு தப்பினால்?

செத்த மீனும் யோசிக்கும்! 2009இல் அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னட்டின் குழு ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டியது. மீன் மூளையில் சில புள்ளிகள் 'செயல்பட்டன'. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதித்தால் தற்செயலாகவே சில தேறிவிடும், அதற்குத் திருத்தம் செய்தாக வேண்டும் என்று காட்டத்தான் இந்த வேடிக்கை. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசையும் 2012இல் வாங்கினார்கள். எனக்குப் பிடித்த ஆய்வு இது.

கேள்வி: முழு மூளையையும் கணினியில் ஓட்டிவிட முடியுமா?

மூளை விஞ்ஞானி ஹென்றி மார்க்ரம் 2009இல், பத்தாண்டுகளில் முடியும் என்றார். 2015இல் அவர் குழு வெளியிட்டது எலி மூளையின் மேலடுக்கான புறணியில் ஒரு துணுக்கு: சுமார் 31,000 நியூரான்கள். கன மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் தலைக்குள் இருப்பவை ஏறக்குறைய 8,600 கோடி. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்போது நோயாளிக்கு என்ன பயன்? என் தம்பிக்கு வலிப்பு, மாத்திரை கேட்கவில்லை.

வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு அப்படித்தான். சிலருக்கு அறுவைச் சிகிச்சை உதவும். எந்த இடத்தை வெட்டுவது என்பதுதான் சிக்கல். பிரான்சின் மார்செயில் விக்டர் யிர்சா குழு, அந்த நோயாளியின் எம்.ஆர்.ஐ.யிலிருந்தே மூளைப் பகுதிகளும் அவற்றின் இணைப்புகளும் கொண்ட கணினி மாதிரி ஒன்றைக் கட்டுகிறது. அதில் வலிப்பை வரவழைத்து, ஒரு பகுதியை நீக்கினால் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு நியூரானும் தேவையில்லை. கேள்விக்கு ஏற்ற அளவு போதும். இன்னும் ஆய்வு நிலைதான். தம்பியை வலிப்புச் சிகிச்சையில் தேர்ந்த நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஸ்கேன் படிக்க ஏஐ போதுமா?

உதவிக்குச் சரி. ஒரு ஸ்கேனரின் படங்களில் பழகியது இன்னொன்றில் தடுமாறுவதை நானே பார்த்திருக்கிறேன். நோயைக் கற்காமல் எந்திரத்தின் சாயலைக் கற்றிருந்தது.

கேள்வி: நம் ஊரில் ஏதாவது?

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற வரைபடத்தை வெளியிட்டது. கருவிலுள்ள குழந்தையின் மூளை, 5,132 வெட்டுத்துண்டுகள், செல் அளவு நுணுக்கம். யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.