அந்தக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

கேள்வி: மழை பொய்த்து, அரசும் சந்தையும் அழிந்துபோன வருங்காலச் செட்டிநாட்டைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுதி வருகிறேன். நாயகன் வழியில் காண்போருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிறான். படித்த நண்பர்களோ, ‘அப்படிப்பட்ட உலகத்தில் எவன் கொடுப்பான்? நம்பும்படி இல்லை’ என்கிறார்கள். இரக்கத்தை எடுத்துவிட வேண்டுமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் நண்பர்களின் சந்தேகம் சரி, முடிவுதான் தவறு. நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களில் நாயகன் நான்கு பேருக்குத் தண்ணீர் கொடுக்கிறான். ஒரு முறைகூட அவனுக்குத் தாகம் எடுக்கவில்லை. அவன் கையில் இருப்பது குடமல்ல, அமுதசுரபி. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கிடைத்த பிறகு மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் ஊருக்கே சோறிட்டதில் வியப்பில்லை. அதற்கு முன்னால், மதுரையில் வெறும் பிச்சையோட்டோடு வீடு வீடாகச் சென்று, கிடைத்ததைக் கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர் எல்லோரையும் கூப்பிட்டு உண்ணச்செய்து, மிஞ்சியதைத் தான் தின்றுவிட்டு, அந்த ஓட்டினையே தலைக்கு வைத்துப் படுத்தானே, அவன்தான் உங்கள் நாவலுக்கு வேண்டியவன். பேரேட்டில் மகமைக்கென்று, அதாவது வியாபாரத்தில் தருமத்துக்கென ஒதுக்கும் பங்குக்கென்று, தனியே பற்றெழுதிய ஊர்க்காரர் நீங்கள். தருமமும் செலவுதான் என்பதை நான் சொல்லியா தெரிய வேண்டும்?

கடும் வறட்சியில் ஊருணி வற்றினால் அதன் தரையில் ஊற்றுத் தோண்டி, கசியும் நீரைக் கொட்டாங்குச்சியால் வழித்து வழித்துக் குடத்தை நிரப்புவார்கள். மணல் சரிந்து கலங்கினால் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் குழிக்கருகே விடியலிலிருந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, கைக்குழந்தையோடு வந்து நிற்பவளின் சொம்பில் மூன்று கொட்டாங்குச்சித் தண்ணீரை ஊற்றுகிறாள் என்று எழுதுங்கள். அன்றிரவு அவள் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கும் மாமியாருக்கு அந்த மூன்று கொட்டாங்குச்சி குறையும். குடம் ஏன் நிறையவில்லை என்று கேட்டால், வழியில் தளும்பிவிட்டது என்று அவள் பொய் சொல்வாளா, மாமியார் அதை நம்புவாரா, மறுநாள் அதே குழந்தைக்காரி வருவதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாளா என்பதிலெல்லாம் ஓர் அத்தியாயமே இருக்கிறது.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாவலில் ஊர் அழிந்த மறுநாளே எல்லோரும் ஒரே படித்துறையில் இறங்குகிறார்கள். நேற்றுவரை அந்தப் படியில் கால் வைக்க விடப்படாதவர்களுக்கு இன்று யார் வழிவிட்டார்கள்? பேரழிவு வந்தால் மேல் கீழ் தானே கரைந்துவிடும் என்று நம்புவது சோம்பல். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர் மேற்குக் கடலோர அரக்கான் வழியாகவும், எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள். அந்த நிலையிலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, மற்றவருக்கு வேறொரு பாதை என்று பிரித்துவைத்திருந்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் உங்கள் பக்கத்தில் உண்டு. அவர்களிடம் கேட்கும்போது, யார் கஞ்சி ஊற்றினார் என்பதோடு நிறுத்திவிடாமல், யாரை விட்டுவிட்டு நடக்க வேண்டியிருந்தது என்பதையும், அவர்கள் சொல்ல விரும்பினால், கேளுங்கள்.

கொள்ளைக் கூட்டத்தின் தலைவனுக்கும் ஒரு குடத்தையும், அதை நம்பியிருக்கும் பிள்ளைகளையும் கொடுங்கள். இப்போது அவன் பல்லைக் கடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. முதல் பக்கத்திலேயே நாயகனிடம் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று குறித்துவைத்து, கொடுக்கும்போதெல்லாம் கழித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில், ‘மனிதம் இன்னும் சாகவில்லை’ என்று கிழவர் ஒரு பக்கம் பேசுகிறாரே, அதை முழுவதும் வெட்டிவிடலாம்; இரண்டு நாள் தண்ணீர் குடிக்காதவருக்கு அவ்வளவு பேச நா எழாது.