இசைக் கேள்வி பதில்: யெஸ் கேட்ட காதுக்கு உறுமல் ஒத்துவருமா?

கசெட் காலத்திலிருந்தே யெஸ், கிங் கிரிம்சன், பிங்க் ஃபுளொய்ட் என்று எழுபதுகளின் ரொக் குழுக்களைக் கேட்டு வருபவன். மருமகன் அண்மையில் பிளட் இன்காண்டேஷன் என்ற குழுவின் 'அப்சலூட் எல்ஸ்வேர்' தொகுப்பைப் போட்டுக்காட்டினார். கீபோர்ட் வரும் இடங்களில் அப்படியே 1974! ஆனால் பாடகர் உறுமத் தொடங்கியதும் கை தானாக நிறுத்திவிடுகிறது. எப்படித்தான் கேட்பது? – களுவாஞ்சிகுடி வாசகர்

உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. தொகுப்பின் பெயரே பழைய சரக்கு. 1976இல் இசைத்தட்டு வெளியிட்ட ஒரு பிரித்தானியக் குழுவின் பெயர் அப்சலூட் எல்ஸ்வேர். அதில் ட்ரம்ஸ் வாசித்தவர் பில் புரூஃபோர்ட். யெஸ்ஸின் 'குளோஸ் டு தி எட்ஜ்' (1972), கிரிம்சனின் 'ரெட்' (1974) இரண்டிலும் நீங்கள் கேட்டது அவருடைய அடிதான். பிளட் இன்காண்டேஷன், அமெரிக்காவின் டென்வர் நகரத்து டெத் மெட்டல் (உறுமல் குரலும் கடுமையான கிற்றாரும் கொண்ட ரொக் வகை) குழு. 2024 ஒக்டோபரில் வந்த இந்தத் தொகுப்பைப் பெர்லினின் ஹன்சா ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள்.

இருப்பது இரண்டே உருப்படிகள்: 'ஸ்டார்கேட்', 'மெசேஜ்'. இரண்டும் 20 நிமிடத்தைத் தாண்டுபவை, இரண்டுக்கும் மும்மூன்று பாகம். எல்பி இசைத்தட்டின் பக்கத்துக்கு ஒன்றாகப் பாட்டுக் கேட்டவருக்கு இந்த நீளம் புதிதல்ல. முதலில் ஸ்டார்கேட்டின் 2ஆம் பாகத்தை மட்டும் கேளுங்கள். ஜெர்மனியின் சிந்தசைசர் இசைக் குழுவான டேஞ்சரின் ட்ரீமின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் அதில் வாசிக்கிறார். அடுத்து மெசேஜின் 2ஆம் பாகம். அங்கே தெளிந்த குரலே வரும், ஃபுளொய்டின் சாயல் உடனே தெரியும். இந்த இரண்டும் மனதில் பதிந்த பிறகு ஸ்டார்கேட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை விடுங்கள். அப்போது உறுமலைக் கடந்தால் எங்கே போய்ச் சேர்வோம் என்பது தெரிந்திருக்கும்.

உறுமலில் பலர் தடுக்கி விழுவது, அதில் மெட்டுத் தேடுவதால். குரல்நாண்களுக்கு மேலே உள்ள போலி நாண்களையும் அதிரவைத்து எழுப்பும் ஒலி அது. சுருதி மங்கி, தாளமும் ஒலியின் நிறமும்தான் மிஞ்சும். மெட்டு கிற்றாரில் இருக்கிறது. குரலைத் தாளவாத்தியக் கணக்கில் விட்டுவிட்டு ஃப்ரெட் (கழுத்தில் பதித்த குறுக்குக் கட்டை) இல்லாத பேஸ் கிற்றாரைப் பின்தொடருங்கள்; அது வழுக்கி வழுக்கிப் போகும் விதமே தனி. சொற்கள் வேண்டுமென்றால் பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

இதே குழுவின் 'டைம்வேவ் ஸீரோ' (2022) முழுக்கச் சிந்தசைசர் மயம் என்பதால் அதிலிருந்து தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு உடன்பாடில்லை. மென்மையும் மூர்க்கமும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் இவர்களின் திறமை இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் உறுமல் ஒத்துவராவிட்டால் சுவீடனின் ஓபெத் பக்கம் போங்கள்: உறுமலே இல்லாத 'டாம்னேஷன்' (2003) முதலில், 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) பிறகு.

ஆண்டாண்டாக வீணை வாசிக்கிறேன். மகன் கேட்கும் மெட்டல் பாட்டுகளில் தாளம் பிடிபடவில்லை. நம் முறையில் எண்ணலாமா? – காரைதீவு வாசகி

தாராளமாக. ஃபுளொய்டின் 'மணி' (1973) ஏழு. கிற்றார் தனிவாசிப்பில் நாலுக்கு மாறித் திரும்ப ஏழுக்கு வரும். டூல் குழுவின் 'ஸ்கிசம்' (2001) பெரும்பாலும் ஐந்தும் ஏழும் மாறி மாறி: தக தகிட, தகிட தகதிமி.

மெஷுகா போன்ற குழுக்களில் சிக்கல் வேறு. சிம்பல் (ட்ரம்ஸின் உலோகத் தட்டு) நாலில் நிற்கும், கிற்றாரும் கால் ட்ரம்மும் வேறொரு கணக்கில் ஓடும். கிற்றாரை எண்ணப் போனால் தொலைந்தீர்கள், சிம்பலைப் பிடியுங்கள். பயிற்சி இது: கையில் நாலு நாலாகத் தட்டிக்கொண்டு வாயால் 'தகிட தகதிமி' சொல்லுங்கள். வாய் 4 சுற்று, கை 7 சுற்று போனதும் 28ஆம் அட்சரத்தில் இரண்டும் ஒன்றாக முடியும். பிழைப்பது பெரும்பாலும் மூன்றாம் சுற்றில். கை வாய்க்கு இழுபட்டு வேகமெடுக்கும். வேகத்தைக் குறைத்துக் கை நிலைத்த பிறகு கூட்டுங்கள். கூத்துக் களரியில் அண்ணாவியார் வாயால் சொல்லும் தாளக்கட்டுக்கு ஆடிப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

ஃபோனில் கேட்டால் பாகங்களுக்கிடையில் பாட்டு வெட்டுப்படுகிறது. ட்ரம்ஸும் குழைந்து கேட்கிறது. – ஏறாவூர் வாசகர்

செயலியின் அமைப்பில் கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலப்பது) 0, கேப்லெஸ் (இடைவெளியின்றி ஓடுவது) ON, ஷஃபிள் (வரிசை மாற்றுவது) OFF என்று வையுங்கள். குழைவுக்குக் காரணம் அநேகமாக பேஸ் பூஸ்ட் (தாழ்ந்த ஒலியைக் கூட்டும் அமைப்பு). வேகமான கால் ட்ரம்மும் பேஸ் கிற்றாரும் ஒரே இடத்தில் வீங்கி ஒன்றையொன்று மறைக்கும். ஈக்வலைசரை முழுதாக நிறுத்திப் பாருங்கள். டேட்டாவுக்கு: 320 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு 2.4 எம்பி, ஆகவே 43 நிமிடத் தொகுப்புக்கு ஏறத்தாழ 103 எம்பி. வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் தடங்கலும் இல்லை.

கிற்றாரை இந்தக் குழுக்கள்போல கீழே இறக்கி சி-யில் சுருதி சேர்த்தேன். கம்பிகள் தொளதொளவென்று அடிக்கின்றன. – கல்முனை வாசகர்

ஈ-யிலிருந்து சி-க்கு நாலு அரைச்சுரம் இறக்கினால் கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 37 வீதம் குறையும். 10–46 செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) அதைத் தாங்காது. 12–56 அல்லது 12–60 போடுங்கள். தடித்த கம்பி நட்டின் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் தாங்கும் கட்டை) பழைய வெட்டுக்குள் இறங்காமல் மேலே நின்றால், சுருதி முறுக்காணியைத் திருப்பும்போது 'டிக்' என்று துள்ளும். வெட்டை அகலமாக்க வேண்டும், ஆழமாக்கக் கூடாது. ஆழம் கூடினால் திறந்த கம்பி ஃப்ரெட்டில் உரசும்.

கழுத்து வளைந்தால் ட்ரஸ் ரொட்டை (கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டு) ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். சற்று நேரம் விட்டுப் பாருங்கள். கடைசியாக 12ஆம் ஃப்ரெட்டில் சுருதி பாருங்கள்: அழுத்திய சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் சுரம்) கூடினால் பிரிட்ஜ் சாடிலை (உடற்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் துண்டு) பின்னே நகர்த்துங்கள், குறைந்தால் முன்னே. புதுக் கம்பியில் மட்டும் இதைச் செய்யுங்கள். கடற்காற்றில் துருவேறிய கம்பி சரியான சுருதி காட்டாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு மூடுங்கள்.